அத்தை வரும் கட்டம்

எங்கள் ஊரில் பேய்ப்படம் பார்ப்பதற்குக்கூட முறை உண்டு. செவ்வாய்க்கிழமை பெண்களுக்கு, புதன்கிழமை ஆண்களுக்கு. அக்காவோ தங்கையோ இருக்கிற இடத்தில் ஆண்பிள்ளை உட்கார்ந்து படம் பார்க்க மாட்டான். திரையில் ஒருத்தன் ஒருத்தியின் கையைப் பிடித்துவிட்டால் அப்புறம் யார் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? கூடப் பிறந்தவள் மட்டுமல்ல, சித்தப்பா மகள், மாமன் மகள், அத்தை மகள் எல்லாருமே டோங்காவில் தங்கை முறைதான். இந்தச் சின்னத் தீவில் தங்கை ஆகாத பெண்ணைத் தேடிப் பிடிப்பதற்குள் பையன்களுக்கு வயது போய்விடும். ஆக, ஒரே தொடரை ஊர் வாரத்துக்கு இரண்டு தடவை பார்த்தது, இரண்டு தடவை திட்டியது.

நியூசிலாந்தில் எடுத்த தொடர் அது. எங்கள் ஊர் சாலேசியின் மகள் கலோ எழுதிய நாவலைத்தான் அங்கே தொலைக்காட்சிக்காரர்கள் படமாக்கியிருந்தார்கள். ஊர்ப்பெண் எழுதியது, ஊர்க்கதை என்று சொல்லி அவளே ஊருக்கு அனுப்பிவைத்தாள். ரக்பி கிளப்பிடம் படம் காட்டுகிற கருவி இருந்தது, ஊர் மண்டபத்தில் வெள்ளைச் சுவர் இருந்தது. பாதிரியார் மட்டும் இரண்டு ஞாயிறு பிரசங்கத்தில் முணுமுணுத்தார். மூன்றாவது வாரம் அவரும் புதன்கிழமை வந்து உட்கார்ந்துவிட்டார்.

பார்த்த மறுநாள் காலை நாங்கள் பெண்கள் எல்லாரும் மரப்பட்டைத் துணி ஒட்டக் கூடுவோம். நீளப் பலகைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, பட்டையைப் பரப்பி, கிழங்குப் பசை தடவி ஒட்டுகிற வேலை. கைக்குத்தான் வேலை, வாய்க்கு ஓய்வு. அந்த ஓய்வில் தொடரைப் பிரித்து மேய்ந்தோம்.

முதல் ஆள் வீகா. ஊரில் எது நடந்தாலும் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. நடக்காததற்கு இரண்டு உண்டு.

"பேய்ன்னா நாத்தம் அடிக்கணும்டி. நம்ம ஊருல வந்தா முதல்ல மூக்குக்குத்தான் தெரியும். இவ என்னடான்னா சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி வந்து நிக்கிறா."

"டிவில எப்படி நாத்தம் காட்டுவான்?" என்றேன்.

"அப்ப எதுக்குப் பேய்ப்படம் எடுக்கணும்? முடியாதுன்னா சமையல் படம் எடுக்கட்டும்."

"பேய் புடிச்ச பொண்ணா நடிச்சவ சமோவாக்காரி. நம்ம பேச்ச வாயில சுடுகிழங்கு வெச்சுக்கிட்டுப் பேசுறா" என்றாள் இன்னொருத்தி.

"புத்தகத்துல இத விட நல்லா இருக்காம்" என்றாள் வீகா.

"நீ படிச்சியா?"

"நான் எங்க படிச்சேன்? ஆக்லாந்துல என் தங்கச்சி சொன்னா."

"அவ படிச்சாளா?"

"அவளுக்கு எங்க நேரம்? அவ வேலை செய்யுற எடத்துல ஒருத்தி படிச்சாளாம்."

இப்படிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், முதல் சில வாரம். பிறகு தொடரில் அத்தை வந்தாள். அதற்குப் பிறகு லாத்தாய் அக்கா பசைச் சட்டியோடு கூடத்தின் வாசலில் தலை காட்டினால் எங்கள் வாய் தானாக மூடிக்கொண்டது.

லாத்தாய் என் பக்கத்து வீடு. ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், தகப்பன் கட்டிய வீட்டில் தனியாக இருப்பவள். உரக்கச் சிரிப்பாள். தேநீரில் கரண்டி நிற்கிற அளவுக்குச் சர்க்கரை போடுவாள். அவள் கிழங்குத் தோட்டத்தில் யார் வீட்டுப் பன்றி புகுந்தாலும், பன்றியை விட்டுவிட்டு வீட்டுக்காரனைத் துரத்துவாள். சாலேசி அவளுடைய ஒரே தம்பி. கலோவுக்கு அவள் சொந்த அத்தை.

அத்தை என்றால் எங்களிடம் என்னவென்று சொன்னால்தான் மற்றது புரியும். தம்பி எவ்வளவு பெரிய ஆளானாலும் அக்காவுக்குக் கீழேதான். தம்பி பிள்ளைகளுக்கோ அத்தைக்கு மேலே ஆளே கிடையாது. கல்யாணமோ சாவோ, முதல் பாய் அவளுக்கு, முதல் பன்றித் துண்டு அவளுக்கு. அவள் மனம் குளிர்ந்தால் தம்பி வீட்டில் தொட்டில் ஆடும், அவள் வாயில் ஏதாவது வந்துவிட்டால் வயிற்றில் பிள்ளை தங்காது. இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களும் உண்டு. சொல்லிவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆகவே செவ்வாய்க்கிழமை மண்டபத்திலும் லாத்தாய்க்கு முதல் வரிசையில் நடு இடம். கலோ அனுப்பிய படம், கலோவின் அத்தை எப்படிப் பின்னால் உட்காருவாள்? அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். சுவரில் அவளைப் போல ஒருத்தி பேயாய் ஆடிக்கொண்டிருப்பாள். பின்னால் இருக்கிற நாங்கள் எல்லாரும் லாத்தாயின் கொண்டையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

கதை அவளுடையதுதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. பதினேழு வயதில் லாத்தாய்க்குப் பேய் பிடித்தது. எங்கள் ஊரில் அது புதுமை இல்லை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மணக்க மணக்கப் பூச்சூடி வெயிலில் நடக்கிற பெண்களைச் செத்தவர்கள் விரும்புவார்கள் என்பார்கள். ஒரு நடுப்பகலில் அவள் கல்லறைக்குப் போய், பிள்ளைப் பேற்றில் செத்துப்போன பெரியம்மா மகளின் மணல்மேட்டில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். தானே கேள்வி, தானே பதில், குரல் மட்டும் இரண்டு. ரவிக்கை கிழிந்திருந்தது. ஆண்கள் எல்லாரும் தோட்டங்களில் இருந்தார்கள், பெண்களால் அவளை அசைக்க முடியவில்லை. அப்போதுதான் சாலேசி வந்தான். அக்காவைத் தொடக்கூடாத தம்பி. ஒரு பெரிய பாயை எடுத்து அவளைச் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டு, ஊர் நடுவே வீட்டுக்குத் தூக்கி வந்தான். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தான் என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள்.

மருந்துக்காரி இலைச்சாறு பிழிந்து கண்ணிலும் மூக்கிலும் விட்டாள். சில வாரத்தில் லாத்தாய் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாள். பேய் போனது. பெண் கேட்டு வருகிறவர்களும் போனார்கள். சாலேசி அதற்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதில்லை. வளர்ந்த தம்பிகள் யாருமே அக்காவிடம் அப்படிப் பேசுவதில்லைதான். ஆனால் லாத்தாய் எனக்குச் சொன்னது ஒன்றுதான், பல தடவை.

"என்னை ஒரே ஒருத்தன்தான் தூக்கிச் சுமந்திருக்கான், லோசா. அது போதும்."

சாலேசிக்குத் தலைநகர்ப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது. இரண்டாவது ஞானஸ்நானம் வரை தாங்கவில்லை. அப்புறம் அந்த மனைவி வாயைத் திறந்தாள். நாத்தனாருக்குப் பிடித்தது இன்னும் போகவில்லை, அவள் வாய்தான் என் பிள்ளைகளைத் தின்றது என்றாள். புருஷனை இழுத்துக்கொண்டு நியூசிலாந்துக்குப் போனாள். அங்கேதான் கலோ பிறந்தாள். அந்த அம்மாளும் போன வருஷம் செத்துப்போனாள். இறந்தவளைத் திட்டக்கூடாது என்பதால் இத்தோடு விடுகிறேன்.

ஊர் அவள் சொன்னதை அப்போதே மென்று பார்த்துவிட்டுத் துப்பிவிட்டது. சிலர் துப்பவில்லை என்பது தொடர் வந்த பிறகுதான் தெரிந்தது.

தொடரில் கல்லறை இருக்கிறது, பாய் இருக்கிறது, தம்பி தூக்கி வருவது இருக்கிறது. அதுவரை நடந்ததுதான். அதற்குப் பிறகு தம்பியின் தோளில் கிடக்கிற பெண் கண்ணைத் திறந்து, அவன் வம்சம் தரிக்காது என்று சாபம் விடுகிறாள். பேய் அவளை விட்டுப் போவதே இல்லை. அவள் கிழவியாகிறாள், கறுப்பு உடுத்தி, எங்கள் வழக்கப்படி அதன்மேல் இடுப்பில் பாய் கட்டி, ஒவ்வொரு விசேஷத்திலும் முதல் பாயில் உட்கார்ந்து வாயை முணுமுணுக்கிறாள். அவள் முணுமுணுத்தால் அடுத்த காட்சியில் ஒரு தொட்டில் காலியாகும். அந்த முணுமுணுப்புக்கென்றே ஓர் இசை போட்டிருந்தார்கள். ஊர்ப்பிள்ளைகள் அதை வாயால் போட்டுப் பழகிக்கொண்டு லாத்தாய் வீட்டு வேலியோரம் போட்டுவிட்டு ஓடினார்கள்.

அபிப்பிராயங்கள் கடல் தாண்டியும் வந்தன. ஆக்லாந்து, சிட்னி, அமெரிக்கா என்று எங்கள் சனம் இருக்கிற இடமெல்லாம் தொடரைப் பார்த்துவிட்டு ஃபேஸ்புக்கில் எழுதியது. வீகா கைபேசியில் உரக்கப் படித்தாள்.

"இந்தக் கிழவிய முதல் வாரமே எரிச்சிருக்கணும்ங்கிறா ஒருத்தி. எனக்கும் இப்படி ஓர் அத்தை இருக்கா, அதான் பிள்ளை இல்லேங்கிறா இன்னொருத்தி. கிழவியா நடிச்சவளுக்குப் பரிசு தரணும்ங்கிறான் ஒருத்தன்."

"படிக்காத வீகா" என்றேன்.

"நானா எழுதினேன்? உலகமே எழுதுது."

"உலகத்துக்குப் பக்கத்து வீடு இல்ல. எனக்கு இருக்கு."

வீகா அன்று வாயை மூடினாள். வேறு வேலை கிடைத்ததால்தான் மூடினாள்.

லாத்தாய் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. பன்றிக்குக் குச்சி எடுக்கிறவள் இதற்கு எடுக்கவில்லை. ஒருநாள் என் சமையல்கட்டில் உட்கார்ந்து, தேங்காய்ப்பால் பிழிந்து கிழங்கு இலையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அந்தச் சாபம் யார் சேத்தது, லோசா? அந்தப் பொண்ணு கலோவே சேத்துக்கிட்டாளா? இல்ல என் தம்பி சொல்லிச் சேத்தாளா?"

"கதை எழுதுறவங்க எதையாவது சேப்பாங்கக்கா."

"கலோ சேத்தா எனக்கு ஒண்ணுமில்ல. சின்னது, அங்க பொறந்து வளந்தது, என்னத் தெரியாது. அவன் சொல்லியிருந்தா..."

பொட்டலத்தை இறுக்கிக் கட்டினாள். அவள் கேட்க வேண்டிய ஆள் ஒரே ஒருத்தன்தான். அவனிடம்தான் அவள் இதைக் கேட்கவே முடியாது. அக்கா தம்பியிடம் பிள்ளைப்பேறு பற்றியும் வயிறு பற்றியும் பேசுவது எங்களிடம் கனவிலும் இல்லை.

கடைசி வாரப் படத்துக்குச் சாலேசியே மகளோடு ஊருக்கு வந்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. கலோ மாசமாக இருந்தாள். ஏற்கனவே ஒன்று தங்காமல் போனதாம், இது இரண்டாவது. வந்து இறங்கிய அன்றே இவ்வளவும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. வீகா துறைமுகத்துக்குத் தேங்காய் விற்கப் போயிருந்தாள்.

சாலேசி முடி நரைத்து, முதுகு வளைந்து, நல்ல சட்டை போட்டிருந்தான். அக்கா வீட்டு வாசலில் வந்து தரையைப் பார்த்து நின்றான். அவள் உள்ளே பாயில் உட்கார்ந்து அவன் காலைப் பார்த்தாள்.

"வந்தியா?"

"வந்தேன்கா."

"பயணம் நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவ்வளவுதான். அவன் தங்கியது மண்டபத்துக்குப் பக்கத்தில் சித்தப்பா மகன் வீட்டில். அவன் போன பிறகு லாத்தாய் என்னைப் பார்த்து, "செருப்பு தேஞ்சு கெடக்கு. கவனிக்க ஆளில்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் சிரித்தது. அன்று அவள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

செவ்வாய்க்கிழமை கலோ எங்களோடு உட்கார்ந்தாள். அத்தைக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி. படம் முடிந்ததும் பெண்கள் அவளை மொய்த்தார்கள். பேய்க்கு நாற்றம் போதவில்லை என்பதை வீகா நேரிலேயே தெரிவித்துவிட்டாள். கலோ சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் அத்தை முன்னால் வந்து மண்டியிட்டாள். எங்கள் பேச்சு அவளுக்கு நிறுத்தி நிறுத்தித்தான் வரும்.

"அத்தை, அது கதை. அந்தக் கிழவி நீங்க இல்ல."

லாத்தாய் அவள் கன்னத்தைத் தொட்டாள். "நான் இல்லேன்னா சரி" என்றாள்.

வீட்டுக்கு நடக்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள். என் வீட்டுக்காரர் கெபு ஹாபாய்த் தீவுக்காரர். லாத்தாய்க்கு எந்த வழியிலும் தம்பி முறை ஆகாதவர். ஊரில் அவளால் இப்படி ஒரு காரியம் சொல்ல முடிந்த ஆண்பிள்ளை அவர் ஒருத்தர்தான்.

"நாளைக்கு உன் புருஷனை என் தம்பி பக்கத்துல உக்காரச் சொல்லு. கிழவி சாபம் விடற கட்டம் வரும்போது அவன் மூஞ்சியப் பாக்கச் சொல்லு. சிரிச்சான்னா போதும். கோவப்பட்டான்னா அதுவும் போதும். இது பொய்யின்னு ஒரு வார்த்தை பக்கத்துல இருக்கிறவன்கிட்ட சொன்னான்னா, நான் செத்தாலும் நிம்மதியாச் சாவேன்."

கெபுவுக்கு ஒற்றன் வேலை பிடிக்கவில்லை. "நான் படம் பாக்கறதா, ஆளப் பாக்கறதா?" என்று முனகிக்கொண்டுதான் போனார்.

வியாழக்கிழமை காலை அவர் முகம் கழுவுவதற்கு முன்பே லாத்தாய் வந்துவிட்டாள். கெபு ரொட்டியைப் பிய்த்தார், தேநீரை ஊதினார், ரொட்டியை மறுபடி பிய்த்தார்.

"வாயத் தொறங்க" என்றேன்.

"பழைய கட்டத்தையெல்லாம் மறுபடி காட்டினான். சமாதியில அந்தப் பொண்ணு உக்காந்து பேசுறது வந்துச்சு. ரவிக்கை கிழிஞ்சு... அப்ப நாங்க எல்லாருமே தரையத்தான் பாத்தோம். அவரும் தரையப் பாத்தார். தம்பி தூக்கிட்டு வரும்போது ஒரு பொடிப்பய விசில் அடிச்சான். பாதிரியார் அவன் தலையில ஒண்ணு போட்டார். இவர் அசையல."

"அப்புறம்?"

"அப்புறம் கிழவி வந்தா. கழுத்து வரைக்கும் மூடிக்கிட்டு, பெரிய பாயில உக்காந்து, வாய் முணுமுணுன்னு..."

"சொல்லுங்க, கெபு."

"எழுந்துட்டார். முதுக நல்லா வளச்சு, கையத் தரைப்பக்கம் தொங்கவிட்டு, நாம பெரியவங்க முன்னாடி எப்படிக் குனிஞ்சு போவோமோ, அப்படியே வெளிய போயிட்டார். மாமரத்தடியில நின்னார். கிழவி போனதும் உள்ள வந்து உக்காந்தார். அவ மறுபடி வந்ததும் மறுபடி எழுந்து போனார். கடைசி வரைக்கும் அப்படித்தான். சிரிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல, ஒரு வார்த்தை பேசல."

அவருக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், பெருமையாக இருந்தது. "எவ்வளவு மரியாதை பாருங்க. படத்துல வர்ற அக்காவுக்கே எழுந்திரிக்கிறார். நம்ம பசங்க யாரு செய்வான்?" என்றார்.

ஊரும் அப்படித்தான் சொன்னது. அன்று பலகையில் பட்டை ஒட்டும்போது தொடரை எல்லாரும் மறந்துவிட்டார்கள், சாலேசி எழுந்து போனதுதான் பேச்சு. வெளிநாட்டில் இத்தனை வருஷம் இருந்தும் முறை மறக்கவில்லை என்றாள் ஒருத்தி. எனக்கு அழுகையே வந்துவிட்டது என்றாள் வீகா. அவள் பார்க்காததற்கு அழுதாள்.

லாத்தாய் அன்று பலகைக்கு வரவில்லை. சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போனபோது விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ரவிக்கை கிழிஞ்சவளப் பாத்து எழுந்திருந்தா எனக்கு வருத்தமில்ல, லோசா. அது எல்லா ஆம்பளைக்கும் வர்ற கூச்சம். அந்தக் கிழவி கழுத்து வரைக்கும் மூடிக்கிட்டு உக்காந்திருக்கா. அவளப் பாத்து ஏன் எழுந்தான்?"

"மரியாதைக்குக்கா."

"யாருக்கு மரியாதை?"

நான் விளக்கைப் போடப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"அக்கா இருக்கிற எடத்துல உக்காந்து படம் பாக்கக் கூடாதுன்னு எழுந்தான். அப்ப அங்க அக்கா இருந்தா. சொவத்துல இருந்தா. பிள்ளைங்களத் தின்னுக்கிட்டு இருந்தா."

அவள் சொல்லும் வரை எனக்கு இது தோன்றவே இல்லை. மண்டபத்தில் இருந்த எவனுக்கும் தோன்றவில்லை. வேண்டுமென்று யோசித்துச் செய்கிறவன் இதைச் செய்திருக்க மாட்டான். உடம்பு தானாக எழுந்திருக்கிறது. அதனால்தான் அதில் பொய்க்கு இடமில்லை. நான் ஏதேதோ சமாதானம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், ஒரு பாய் வந்தது. சாதாரணப் பாய் இல்லை. மெல்லிசாக முடைந்து, ஓரத்தில் சிவப்பு இறகு வைத்து, ராஜ குடும்பத்துக் கல்யாணத்தில் விரிக்கிற மாதிரியான பாய். கூடவே வாட்டிய முழுப் பன்றி. மச்சு வீட்டுக்காரர்களே இப்படி ஒன்றை வெளியே எடுக்க யோசிப்பார்கள். கலோ பாயின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள், மறுமுனையைப் பிடிக்க லாத்தாய் என்னைக் கூப்பிட்டிருந்தாள். சாலேசி உள்ளே வரவில்லை. முற்றத்தில் பலாமரத்தடியில் முதுகைக் காட்டி நின்றான்.

கலோ அத்தையின் காலடியில் உட்கார்ந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. பாடம் பண்ணி வந்த பேச்சைச் சொன்னாள்.

"அத்தை, நாங்க தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச தப்ப நீங்க மன்னிக்கணும்."

"என்ன தப்பு? கதைன்னுதானே சொன்னே."

கலோ பாயின் ஓரத்தைத் தடவினாள். "அப்பாதான் சொன்னாங்க. பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி அத்தை மனசுல எதுவும் இருக்கக் கூடாது. அத்தை கை வயித்துல படணும்னு."

"அதுக்குத்தான் வந்தீங்களா?"

கலோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அந்தச் சாபம் உங்கப்பன் சொன்னதா?"

கலோ வாசல் பக்கம் பார்த்தாள். மரத்தடியில் நின்ற முதுகு திரும்பவில்லை. அவள் நல்ல பெண்தான். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"அம்மாதான் சொல்வாங்க. சின்ன வயசுலேர்ந்து சொல்வாங்க." மறுபடி வாசலைப் பார்த்தாள். "அப்பா அத ஒரு நாளும் இல்லேன்னு சொன்னதில்ல."

லாத்தாய் தலையை ஆட்டினாள். மருந்து இவ்வளவு கசக்கும் என்று முன்பே தெரிந்து விழுங்குகிறவர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள். பிறகு தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு, கையைக் கலோவின் வயிற்றில் வைத்தாள். கண்ணை மூடி ஜெபம் சொன்னாள். சுத்தமான ஜெபம். பிள்ளை முழுசாய்ப் பிறக்கட்டும், தாயும் பிள்ளையும் ஒரே பாயில் தூங்கட்டும், இந்த வீட்டுக்கு வந்த எந்த நோவும் அந்த வீட்டுக்குப் போக வேண்டாம். கலோ அழுதாள்.

ஜெபம் முடிந்தும் லாத்தாய் கையை எடுக்கவில்லை. கண்ணைத் திறந்து, வாசலுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"உங்கம்மா வயித்துலயும் இதே கையத்தான் வெச்சேன். இதே ஜெபந்தான். ரெண்டு தடவையும்."

தான் நல்லது மட்டுமே நினைத்தவள் என்று சொல்லத்தான் அவள் அதைச் சொன்னாள். வேறு எதற்கும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் கலோவின் அழுகை சட்டென்று நின்றது. இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தாள். லாத்தாயின் கை எண்ணெய்ப் பளபளப்போடு அப்படியே வெறும் காற்றில் இருந்தது.

மரத்தடியில் சாலேசி செருமினான். "கலோ, நேரமாச்சு" என்றான். மகளிடம்தான் சொன்னான்.

அவர்கள் போன பிறகு பாயைச் சுருட்ட நான் குனிந்தேன். "கோவமா இருந்தா இதத் திருப்பி அனுப்பிடலாம்கா" என்றேன். என் கோபத்தைத்தான் அவள் மேல் வைத்துச் சொன்னேன்.

"திருப்பி அனுப்பினா பிள்ளைக்கு என்ன ஆகுமோன்னு அந்தப் பொண்ணு ராத்தூக்கம் இல்லாமக் கெடக்கும். உள்ள எடுத்து வை" என்றாள்.

கலோவுக்குப் பிள்ளை பிறந்தது, ஆண் பிள்ளை, குறை ஒன்றுமில்லை. செய்தியை லாத்தாய்தான் பலகைக்குக் கொண்டுவந்தாள். படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியிடமும் காட்டினாள். மூக்கு தன் அப்பா மூக்கு என்றாள். கொஞ்ச நேரம் பழைய லாத்தாயாக உரக்கச் சிரித்தாள். பெண்கள் படத்தைப் பார்த்தார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

வீகாதான் பேசினாள். அவளை நான் நன்றாக அறிவேன். அதில் நக்கல் துளியும் இல்லை, மனசார நன்றி சொன்னாள்.

"நல்ல வேளைக்கா. கடைசியிலயாவது மனசு வெச்சீங்களே."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பிள்ளை சாகவில்லை, ஆகவே முன்பு செத்ததற்கு இவள்தான் காரணம். ஊர் கணக்கை முடித்துவிட்டது. லாத்தாய் எங்கள் முகங்களை ஒரு சுற்று பார்த்தாள். குச்சியை எடுத்துக்கொண்டு வீகாவைத் துரத்துவாள் என்று நான் காத்திருந்தேன், அப்படி வேண்டிக்கொண்டேன்.

அவள் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். பட்டையை இழுத்துப் பலகையில் பரப்பினாள்.

"ஆமாடி, மனசு வெச்சேன்" என்றாள். "அந்தப் பசையை இப்படித் தள்ளு."